மூக்கக்கா எடுத்த பாட்டில்

“சாப்பிட வர்றது யார் யாரு?” என்று கேட்டுக்கொண்டே மூக்கக்கா உடம்பின் பாரத்தை இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற்றிக்கொள்கிறாள். எதிரே நிற்பவர் ஹாமுக்கு ஏற்ற ஒயின் கேட்டு வந்தவர். பன்றித் தொடையை உப்பில் ஊறவைத்து, புகைபோட்டு, அடுப்பில் முழுசாக வாட்டி எடுக்கும் அந்தப் பண்டம் ஆண்டிறுதி விடுமுறையில் ஊரில் பாதி வீட்டு மேசையில் ஏறிவிடும். அதற்குத் துணையாக எந்தப் பாட்டிலை வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்கொருவர் கிளம்பி, இந்தப் பெரிய கடையின் கடைசி வரிசைக்கு, இவளிடம் வந்து நிற்பார்கள்.

“ஹாம்னுதான் சொல்லிட்டேனேம்மா. யார் வந்தா என்ன?” என்றார் வந்தவர்.

“ஹாம் சும்மா கிடக்கும் சார். சண்டை போடுறது மனுஷங்கதானே?”

அவர் கொஞ்சம் யோசித்தார். மாமனார் வருகிறார், சகலை வருகிறான் என்றார். சகலை என்று சொல்லும்போதே அவர் தாடை இறுகியது. மூக்கக்கா அதைப் பார்த்துக்கொண்டாள்.

“போன வருஷம் உங்க சகலை என்ன கொண்டாந்தாரு?”

அவர் கையை நீட்டினார். மேல் தட்டில், கறுப்பாகக் கனத்துக் கிடந்த சிவப்பு ஒயின்.

“அதையே நீங்களும் தூக்கிட்டுப் போகாதீங்க. அது துவர்ப்பு. ஹாம் உப்பு. உப்பும் துவர்ப்பும் ஒரே வாயில பங்காளிங்க மாதிரி, ஒண்ணு இருந்தா இன்னொண்ணு இருக்காது. இதை எடுத்துட்டுப் போங்க. இளஞ்சிவப்பு, லேசு. கால் மணி நேரம் குளிர வெச்சு ஊத்துங்க.”

“விலை கம்மியா இருக்கே. சகலை கேட்டா என்ன சொல்றது?”

“ஒண்ணும் சொல்லாதீங்க. அவர் கிளாஸ் எத்தனை தடவை காலியாகுதுன்னு மட்டும் எண்ணிட்டு வாங்க.”

அவர் சிரித்தபடி போனார். மூக்கக்கா சிரிக்கவில்லை. இதே பதிலை, ஆளுக்குத் தக்கபடி சட்டை மாற்றி, காலையிலிருந்து நாற்பதாவது முறையாகச் சொல்லியிருப்பாள். நாக்கு தானாக ஓடும். மனசு எங்கோ உட்கார்ந்திருக்கும்.

அவள் இந்த வரிசைக்கு வந்து பதினெட்டு வருஷம். பளபளப்பான தரை, ஆனால் அடியில் வெறும் சிமெண்ட். அந்தக் குளிர் உள்ளங்காலில் ஏறி முழங்காலில் குடியிருக்கும். ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கி, இரண்டு ஜோடிக் காலுறை போட்டுக்கொள்வாள். ஆட்கள் குறைந்த நேரத்தில் வெள்ளை ஒயின் தட்டுக்குப் பின்னால் ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்காருவாள். மேற்பார்வையாளர் வந்தால் பெட்டியைப் பிரிக்க வந்தவள்போல் கத்தியை எடுத்துக்கொள்வாள். அந்த ஒரே பெட்டி ஆறு மாதமாகப் பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

மூக்கக்கா என்ற பெயரைக் கல்லாவில் இருக்கும் பெண் வைத்தாள். அவள் ஒருநாள் காலை வந்து கைப்பையை வைப்பதற்குள், “பால் பொங்கி அடுப்புல வழிஞ்சுதா?” என்று கேட்டாள் இவள். அன்றோடு சொந்தப் பெயர் கடையில் வழக்கொழிந்தது. எதையும் மூக்குக்குக் கொண்டுபோகாமல் இவளால் இருக்க முடியாது. மூடியைத் திறந்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும், “இது கெட்டுப்போச்சு, நனைஞ்ச அட்டைப்பெட்டி வாடை வருது, திருப்பி அனுப்புங்க” என்பாள். அனுப்பிப் பார்த்தால் அவள் சொன்னது சரியாகவே இருக்கும். மழைக்காலக் குடை, புதுத் துண்டு, பிறந்த குழந்தையின் தலை, எல்லாம் முதலில் மூக்கு, அப்புறம்தான் கண்.

சகலைக்காரர் போன பிறகு ஒரு இளம்பெண் வந்தாள். கல்யாணமாகி முதல் விருந்து. ஹாமில் தேனும் கடுகும் தடவப் போகிறாளாம்.

“மாமியார் குடிப்பாங்களா?”

“குறை சொல்றதுக்காகவாவது ஒரு வாய் குடிப்பாங்க.”

“அப்ப இந்த வெள்ளை. ரீஸ்லிங். கொஞ்சம் இனிப்பு, பின்னாடியே ஒரு புளிப்பு. உப்புக்கு இனிப்பு, கொழுப்புக்குப் புளிப்பு. குறை சொல்ல வாயைத் தொறக்கறதுக்குள்ள அடுத்த மடக்கு உள்ள போயிடும்.”

பெண் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். மூக்கக்கா தட்டில் விழுந்த இடைவெளியைப் பார்த்தபடி நின்றாள். நாளை மறுநாள் அவள் வீட்டிலும் விருந்து. அதற்கு எதை எடுப்பது என்று மூன்று வாரமாக அவளுக்கு விளங்கவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டிடங்களில், லிஃப்ட் ஓடும் அந்தக் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர். நல்ல மனுஷன். கை சுத்தம், வாய் சுத்தம். மாலையில் ஒரு கிளாஸ் என்று ஆரம்பித்தது, வருஷத்துக்கு வருஷம் வளர்ந்து, பாட்டில் கணக்கில் வந்து நின்றது. அவர் கத்தியதில்லை, அடித்ததில்லை. சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஆள் காணாமல் போய்விடுவார். அவ்வளவுதான்.

பதினாலு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் பதினோராவது மாடியில் அவர் கையிலிருந்து ஒரு ஸ்பானர் நழுவியது. அடியில் குழிக்குள் அவருடைய கூட்டாளி சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவ எழுந்திருந்தார். திரும்பி வந்து பார்த்தால் டப்பா தகடாகிக் கிடந்தது. இவர் அத்தனை மாடியும் படியில் இறங்கினார். அந்த டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்து, “இன்னையோட சரி” என்றார். முதல் பத்து நாள் நடுக்கமும் வேர்வையுமாக ஆஸ்பத்திரியில் கழிந்தது. அதன் பிறகு ஒரு சொட்டு இல்லை.

ஊரெல்லாம் அவரைப் புகழ்ந்தது. மூக்கக்காவுக்கு உள்ளே ஒரு முள் இருந்தது. வீட்டுக்கு வந்த பாட்டில் எதையும் அவர் வாங்கவில்லை. எல்லாம் இவள் கையில்தான் வந்தது. கடையில் வேலைக்காரர்களுக்குக் கொடுக்கும் சலுகையில் எடுத்து வருவாள். “இதைக் கொஞ்சம் வாயில வெச்சுப் பாருங்க, முடிவுல மிளகு தெரியுதா?” என்று கேட்பாள். அவர் கண்ணை மூடி, “தெரியுது, தெரியுது” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதுதான் அவர்களுடைய பேச்சு, சிரிப்பு, எல்லாம். சொல்லிக் கொடுத்தவள் ஒரு கிளாஸோடு நின்றாள். கற்றுக்கொண்டவர் நிற்கவில்லை. இதில் யாரை நோவது?

அதனால் கடையில் சம்பளத்துக்கு மோந்தவள், வீட்டில் சந்தேகத்துக்கு மோந்தாள். அவருடைய சட்டைக் காலர், தலையணை உறை, வேலைப் பை, காரின் இருக்கை. ஆரம்பத்தில் தெரியாமல் செய்தாள். அவர் கண்டுபிடித்துவிட்டார். கோபிக்கவில்லை. மறுநாளிலிருந்து மாலையில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், “இந்தா” என்று அவள் முகத்துக்கு நேராக ஒரு மூச்சு விட்டுவிட்டு உள்ளே போவார். ஏலக்காய் வாடையோ, கிரீஸ் வாடையோ, வெறும் களைப்பு வாடையோ வரும். அவள் தலையை ஆட்டுவாள். பதினாலு மாதமாக ஒருநாள் தவறவில்லை. இரண்டு பேருக்கும் அலுத்துவிட்டது. யார் முதலில் நிறுத்துவது என்றுதான் தெரியவில்லை.

போன வருஷம் விருந்து இல்லை. இந்த வருஷம் அண்ணன் போன் போட்டார். அவர் இறைச்சிக் கடை வைத்திருப்பவர். குரலும் வெட்டுக்கத்திபோலத்தான் விழும்.

“ஹாம் என்னுது, ஒயின் உன்னுது. வழக்கம்போல. எட்டு நாள் ஊற வெக்கப் போறேன்.”

“இந்தத் தடவை ஒயின் வேணாம்ணே.”

“ஏன்? மாப்பிள்ளைக்கு வேணாம்னா அவர் குடிக்க வேணாம். நாங்க என்ன பாவம் பண்ணோம்? காஞ்ச வாயோட ஹாம் தின்னா தொண்டையில நிக்கும்.”

மகள் போனில் அதற்கு நேர்மாறு. “அம்மா, வீட்டுக்குள்ள பாட்டிலே வரக்கூடாது. மாமாகிட்ட நான் பேசறேன்.” பேசினாள். மாமா அவளிடம் இன்னும் சத்தமாகப் பேசினார். இரண்டு பக்கமும் அடிவாங்கும் மத்தளமாக மூக்கக்கா நடுவில் இருந்தாள்.

வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

“வை. எனக்காக எத்தனை நாளைக்கு ஊரே பத்தியம் இருக்கும்?”

“உங்களால முடியுமா?”

“தெரியல” என்றார். “முடியும்னு சொன்னா நீ நம்பப் போறியா?”

அவள் எழுந்து மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள். அதுவே பதிலாகிவிட்டது.

விருந்துக்கு முந்தின நாள் கடை மதியத்தோடு மூடியது. கடைசி வாடிக்கையாளரும் போன பிறகு மூக்கக்கா தன் வரிசையில் தனியாக நின்றாள். ஒரு பாட்டிலை எடுத்தாள், வைத்தாள். இன்னொன்றை எடுத்தாள், வைத்தாள். கல்லாப் பெண் மேலங்கியைப் போட்டுக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

“என்னக்கா, ஊருக்கெல்லாம் கண்ணை மூடிட்டு எடுத்துக் குடுத்தே. உனக்கு எடுக்கத் தெரியலையா?”

“நீ போம்மா. எனக்குக் கொஞ்சம் நேரமாகும்.”

பதினெட்டு வருஷமாக எந்த ஒயின் யாருக்குப் பிடிக்கும் என்று தேடியவள், இப்போது எது ஒருவருக்குப் பிடிக்காது என்று தேடினாள். அவர் சிவப்பு ஆள். கனமாக, காரமாக, அடிநாக்கில் உட்காருவதுதான் அவருக்கு ஒயின். இனிப்பு வெள்ளையை இருமல் மருந்து என்பார். ஹாமுக்கோ அந்த இனிப்பு வெள்ளைதான் கச்சிதம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று ஒரு நிமிஷம் மனசு லேசானது. அடுத்த நிமிஷம் அவளே தலையில் அடித்துக்கொண்டாள். கடைசி வருஷத்தில் அவர் ருசி பார்த்தா குடித்தார்? சமையலுக்கு வைத்திருந்த அரைப் பாட்டிலைக்கூட விட்டுவைக்கவில்லையே!

ரீஸ்லிங் ஒன்றே ஒன்று எடுத்தாள். குடிக்கப் போவது நான்கு பேர்: அண்ணன், அண்ணி, மகள், மருமகன். நான்கு பேருக்கு ஒரு பாட்டில் என்றால் ஆளுக்கு ஒரு கிளாஸுக்கு மேல் வராது. மீதி இருக்காது. மீதி இருக்கக்கூடாது. அதுதான் முக்கியம்.

அப்புறம் பழச்சாறு வரிசைக்குப் போனாள். போகும்போதே ஒரு எண்ணம் வந்து நடையை நிறுத்தியது. ஹாமுக்கு எது என்று ஆயிரம் பேர் கேட்டிருக்கிறார்கள். குடிக்காதவருக்கு எது என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. அவர்களுக்குத் தண்ணீர், இல்லையென்றால் குழந்தைகளுக்கு ஊற்றும் கலர். ஐந்தாறு வகைச் சாறு வாங்கிக்கொண்டு போனாள். அண்ணன் முன்கூட்டியே கொடுத்தனுப்பிய ஹாம் துண்டை மெல்லிசாக நறுக்கி, சமையலறையில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தாள். திராட்சை திகட்டியது. மாதுளையில் அதே பழைய துவர்ப்பு. கடைசியில் புளிப்பு ஆப்பிள் சாறும் ஆறிய கறுப்புத் தேநீரும் பாதிக்குப் பாதி. மேலே இரண்டு கிராம்பு. உப்பின் மேல் அது வந்து உட்கார்ந்ததும் அவள் “ம்” என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, பதினாலு மாதத்தில் முதல்முறையாக, தன் தொழிலை ரசித்து ஒரு கிளாஸ் குடித்தாள்.

விருந்து மதியம். அண்ணன் ஹாமை ஒரு குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். மேல்தோல் கட்டம் கட்டமாகக் கீறி, தேன் பூசிச் சிவந்திருந்தது. மகள் வந்ததும் மேசையில் நின்ற பாட்டிலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், தட்டுகளை எடுத்து வைத்தாள்.

மூக்கக்கா ஒயினை ஊற்றும்போதே கணக்கு தப்பியது. அண்ணி கையால் கிளாஸை மூடினார். “வயித்துல புண்ணு, மாத்திரை ஓடுது.” மருமகன் கார் ஓட்ட வேண்டும், அரைக் கிளாஸ் போதும் என்றான். மகள் வேண்டாம் என்றாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அண்ணன் ஒருவர்தான் மனம்விட்டுக் குடித்தார். பாட்டில் பாதிக்குக் கீழே இறங்க மறுத்து அங்கேயே நின்றது.

வீட்டுக்காரர் தன் கிளாஸில் அவள் ஊற்றியிருந்த ஆப்பிள் தேநீரை ஒரு வாய் குடித்தார். ஹாமை ஒரு துண்டு கடித்தார். மறுபடி குடித்தார்.

“இது என்ன?”

“பிடிக்கலையா?”

“இல்ல, யாரோ எனக்காக உக்காந்து யோசிச்ச மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணனுக்கு அதற்குள் முகம் சிவந்து நாக்கு இளகிவிட்டது. கெட்ட எண்ணம் இல்லாத மனுஷன். ஆனால் வாய்க்குத் தாழ்ப்பாளும் இல்லாதவர். தன் கிளாஸை மேசைக்குக் குறுக்கே நீட்டினார்.

“மாப்பிள்ளை, குடிக்கத்தான் கூடாது. வாசனையாவது பாருங்க. உங்க பொண்டாட்டி எடுத்தது!”

கரண்டிச் சத்தம் நின்றது. கிளாஸ் அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. மகள் பாதி எழுந்துவிட்டாள். மூக்கக்காவின் கை மேசை விரிப்பைப் பற்றிச் சுருட்டியது.

வீட்டுக்காரர் கிளாஸைப் பார்த்தார். கொஞ்ச நேரம்தான், ஆனால் அவர் தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியதை மூக்கக்கா பார்த்தாள்.

“மச்சான், வாசனை பாக்கற உத்தியோகம் எங்க வீட்ல ஒருத்தருக்குத்தான். ரெண்டு பேருக்கு வேலை இல்ல” என்றார்.

அண்ணன்தான் முதலில் சிரித்தார். அண்ணி, மருமகன், கடைசியில் மகளும் சிரித்தாள். அவர்களுக்கு அது கடை உத்தியோகத்தைப் பற்றிய பேச்சு. மூக்கக்காவுக்கு மட்டும் காது மடல்வரை சுட்டது. தலை நிமிர்ந்து பார்த்தாள். அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை. அவளைப் போலவே அவரும் களைத்திருந்தார். வேறொன்றும் இல்லை.

அண்ணன் கிளாஸைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “ஹாம் எப்படி? அதைச் சொல்லுங்க” என்றார்.

“உப்பு ஒரு கல் ஜாஸ்தி.”

“எட்டு நாள் ஊறினதுய்யா அது!”

“ஏழு நாள் போதும்.”

பேச்சு உப்பின் பக்கம் ஓடிப்போனது.

சாப்பாடு முடிந்து அண்ணன் சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்தபடி தூங்கிப்போனார். மகளும் மருமகனும் பாத்திரம் தேய்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனார்கள். அண்ணி மிச்ச ஹாமைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். மூக்கக்கா பாதிப் பாட்டிலை எடுத்துக்கொண்டு கழுவுதொட்டிக்குப் போனாள். கவிழ்க்கக் கை சாய்ந்தபோது வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார்.

“நல்ல சரக்கா?”

“நல்லதுதான்.”

“அப்புறம் ஏன் கொட்டறே? நாளைக்கு உங்கண்ணன் மறுபடி வருவாரு, ஹாம் கொண்டாந்த பாத்திரத்தை வாங்க.” என்றார். “உனக்கும் ஒரு கிளாஸ் குடிக்கணும்னு இருக்கும். நான் ஒருத்தன் நிறுத்தினதுக்கு நீயும் கடையில ருசி பாக்கறதைக்கூடத் துப்பிட்டு வர்றே. எனக்குத் தெரியாதா?”

அவள் பாட்டிலைப் பிடித்தபடி நின்றாள். அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது என்று சொல்ல முடியாது. பயம் போய்விட்டது என்றும் சொல்ல முடியாது. காவல் இருக்கிறவளுக்குக் கால் வலித்தது, கண் எரிந்தது, முதுகுத்தண்டு முழுக்க ஒரு வாரத்துப் பெட்டிகள் அடுக்கிக் கிடந்தன. இன்று இதைக் கொட்டலாம். நாளைக்கு ஊரில் உள்ள பாட்டிலையெல்லாம் யார் கொட்டுவது?

“கண்ணு சொருகுது உனக்கு. போய்ப் படு” என்றார் அவர்.

“நீங்க?”

“நான் நாலு மணிக்குத் தேநீர் போடுவேன். எல்லாருக்கும்.”

மூக்கக்கா தக்கையை எடுத்துப் பாட்டில் வாயில் வைத்து உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தினாள். குளிர்பெட்டியைத் திறந்தாள். கீழே காய்கறிகளுக்குப் பின்னால் நல்ல மறைவான இடம் இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு, கதவுத் தட்டில், தேநீருக்கு எடுக்க வேண்டிய பாலுக்குப் பக்கத்தில் பாட்டிலை நிறுத்திவிட்டு, படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.